ஏழரை மாத அரசு: 1918 உக்ரைன் ஹெட்மான் ஆட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் முதல் உலகப் போர்க்கால உக்ரைனைப் பற்றி ஒருமுறை பேசினேன். ஒரு மணி நேரப் பேச்சு, இரண்டு மணி நேரக் கேள்விகள். அதன் பிறகும் போனில், கல்யாண வீட்டில், டீக்கடையில் என்று அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

ஹெட்மான்னா ஆள் பேரா, பதவியா?

பதவி. கொசாக் என்ற குதிரைவீரர் சமூகத்தின் படைகளுக்குத் தலைவரை உக்ரைனில் ஹெட்மான் என்பார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அவர் படைத்தலைவர் மட்டுமல்ல, ஆட்சியாளரும்கூட. ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் 1764-ல் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். கடைசியாக வகித்தவர் கிரிலோ ரொசுமோவ்ஸ்கி.

154 வருடம் கழித்து, 1918 ஏப்ரல் 29-ல், பாவ்லோ ஸ்கோரோபாட்ஸ்கி என்ற ராணுவ ஜெனரல் அந்தப் பழைய பட்டத்தைத் தூசி தட்டி எடுத்துச் சூட்டிக்கொண்டார். டிசம்பர் 14-ல் இறங்கினார். ஏழரை மாதம். ஏழரை என்றதும் நமக்குச் சனி பகவான் ஞாபகம் வரும். அன்றைய உக்ரைன் விவசாயியைக் கேட்டால் ‘சரியாகத்தான் சொல்கிறீர்கள்’ என்றிருப்பார்.

உக்ரைன் 1991-ல தானே தனி நாடாச்சு? 1918-ல அரசு எங்கிருந்து வந்துச்சு?

1991-ல் கிடைத்தது நிலைத்த சுதந்திரம். அதற்கு முன் ஒரு முயற்சி நடந்து தோற்றது. 1917-ல் ரஷ்யாவில் ஜார் ஆட்சி விழுந்தவுடன் கீவ் நகரத்தில் ‘மத்திய ராடா’ என்ற அவை கூடியது. ராடா என்றால் மன்றம். தலைவர் மிகாயிலோ ஹ்ருஷெவ்ஸ்கி, தொழிலால் வரலாற்றுப் பேராசிரியர். முதலில் அவர்கள் கேட்டது ரஷ்யாவுக்குள் தன்னாட்சிதான். அன்றைய ரஷ்யத் தலைநகரான பெட்ரோகிராடில் லெனினின் போல்ஷெவிக்குகள் (கம்யூனிஸ்டுகள்) ஆட்சியைப் பிடித்த பிறகு 1917 நவம்பரில் உக்ரைன் மக்கள் குடியரசை அறிவித்தார்கள், 1918 ஜனவரியில் முழுச் சுதந்திரத்தை.

அறிவித்த சில நாளிலேயே கீவ் போல்ஷெவிக் படையிடம் விழுந்தது. அந்த இடத்திலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது.

ஜெர்மன்காரன் அங்க எதுக்கு வந்தான்?

கோதுமைக்கு. ஒரே வார்த்தையில் பதில் அதுதான். மற்ற எல்லாம் அதன் கிளைகள்.

1918 தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் முற்றுகையால் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் பட்டினியில் இருந்தன. வியன்னாவில் ரேஷன் மாவு குறைந்ததற்கு ஜனவரியில் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தமே செய்தார்கள். பக்கத்தில் கரிசல் மண் கொழிக்கும் உக்ரைன். ராடாவுக்கோ போல்ஷெவிக்குகளைத் துரத்தப் படை வேண்டும். பிப்ரவரி 9-ல் பிரெஸ்ட்-லிதோவ்ஸ்க் நகரில் இரு தரப்பும் கையெழுத்திட்டன. ஜெர்மானியர்களே இதற்கு ‘ரொட்டிச் சமாதானம்’ என்று பெயர் வைத்தார்கள். கையெழுத்தான நேரத்தில் ராடாவின் கையில் கீவ்கூட இல்லை. பிரெஸ்டில் அவர்களுடைய தூதர்கள் தங்கியிருக்கும் அறைதான் ராடாவின் ஆட்சிப் பரப்பு என்று போல்ஷெவிக் தரப்புத் தூதுக்குழுத் தலைவர் ட்ரொட்ஸ்கி கேலி செய்தார்.

அப்புறம் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் படையினர் உள்ளே வந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் கீவ் மீண்டது, ராடாவும் திரும்பியது. ஏப்ரலில் போட்ட சரக்கு ஒப்பந்தத்தில் ஜூலைக்குள் 6 கோடி பூட் தானியம் என்று எழுதியிருந்தது. ஒரு பூட் 16 கிலோ சொச்சம், ஆக ஏறக்குறைய 10 லட்சம் டன். கூடவே 40 கோடி முட்டை. முட்டையைக்கூட எண்ணி எழுதி வாங்கியிருக்கிறார்கள் என்றால் பசி எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சர்க்கஸ்ல வச்சு ஆட்சி மாறிச்சுன்னு சொன்னீங்களே, அது சும்மா சுவாரசியத்துக்குத்தானே?

இல்லை, நிஜமாகவே சர்க்கஸ் கட்டடம்தான். கூடாரம் என்று நினைத்துவிடாதீர்கள், கீவ் நகர நடுவில் ஆயிரக்கணக்கானோர் உட்காரக்கூடிய கல் கட்டடம். அவ்வளவு பெரிய அரங்கம் கிடைப்பது அரிது என்பதால் கூட்டங்களுக்கும் அதையே பயன்படுத்தினார்கள்.

ராடாவால் தானியத்தைத் திரட்ட முடியவில்லை. பெரிய பண்ணைகளை ஒழித்து நிலத்தைப் பொதுவாக்குவதாக அது சட்டம் போட்டிருந்தது. யார் நிலம் யாருக்கு என்று தெரியாத நிலையில் வயல்கள் தரிசாகக் கிடந்தன. பொறுமையிழந்த ஜெர்மன் தளபதி ஃபீல்டு மார்ஷல் ஐக்ஹார்ன், விதைப்பு பற்றி ராடாவைக் கேட்காமலே தானே ஆணை போட்டார். இதற்கிடையில் டோப்ரி என்ற வங்கி முதலாளி கடத்தப்பட்டார், ராடாவின் அமைச்சர்கள்மீது சந்தேகம் விழுந்தது. ஜெர்மானியர்களுக்குச் சாக்கு கிடைத்தது. ஏப்ரல் 28-ல் ராடா கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜெர்மன் சிப்பாய்கள் உள்ளே புகுந்து அமைச்சர்களைக் கைது செய்தார்கள். பிரதமராக இருந்த ஹொலுபோவிச்சைப் பிறகு ஜெர்மன் ராணுவ நீதிமன்றத்திலேயே நிறுத்தினார்கள். சொந்த ஊரில், சொந்தத் தலைநகரத்தில்.

மறுநாள் அந்தச் சர்க்கஸ் கட்டடத்தில் நிலவுடைமையாளர் மாநாடு. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஸ்கோரோபாட்ஸ்கி மேடைக்கு வந்தார், ஹெட்மான் என்று கோஷம் எழுந்தது, முடிந்தது. அப்படியே புனித சோஃபியா தேவாலயத்துக்குப் போய் ஆசீர்வாதம். அதே நாளில் ராடா இன்னொரு இடத்தில் கூடிக் குடியரசுக்கு அரசியல் சட்டம் நிறைவேற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டம் ஒருநாள்கூட அமலில் இருக்கவில்லை.

அத்தனை பேரை விட்டுட்டு ஏன் இவரை?

குலம், பணம், படை மூன்றும் இருந்தன. 1708 முதல் 1722 வரை ஹெட்மானாக இருந்த இவான் ஸ்கோரோபாட்ஸ்கியின் குடும்பத்தில் வந்தவர் (நேர் வாரிசு அல்ல, அவருடைய சகோதரர் வழி). பெரும் நிலக்கிழார். பிறந்ததே ஜெர்மனியின் வீஸ்பாடனில், 1873-ல். ரஷ்ய-ஜப்பானியப் போரில் சண்டையிட்டவர், ஜார் இரண்டாம் நிக்கோலஸின் மெய்க்காவல் அதிகாரிகளில் ஒருவராக இருந்தவர்.

‘அப்போ ரஷ்யன்தானே’ என்று உடனே கேட்பார்கள். அவ்வளவு சுலபமில்லை. 1917-ல் தன் படைப்பிரிவை உக்ரைன்மயமாக்கினார். அந்த ஆண்டுக் கடைசியில் போல்ஷெவிக் பக்கம் சாய்ந்த துருப்புகள் கீவ் நோக்கி வந்தபோது வழிமறித்து நிறுத்தியதும் இவர் படைதான். அப்போது ராடா இவரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது, அவர் பதவி விலகினார். என் கணக்கில் ராடா செய்த பெரிய தவறுகளில் அது ஒன்று. வேலை தெரிந்த ஜெனரலைப் பகைத்துக்கொண்டு, நான்கு மாதம் கழித்து அவரிடமே ஆட்சியை இழந்தார்கள்.

அப்ப இது பொம்மை அரசுதானே, இதுல பேச என்ன இருக்கு?

நாற்காலி போட்டுக் கொடுத்தது ஜெர்மனி, அதில் சந்தேகமே இல்லை. ஆட்சிக்கு முன்பே ஐக்ஹார்னின் தலைமை அதிகாரி ஜெனரல் குரோனர் வைத்த நிபந்தனைகளை ஸ்கோரோபாட்ஸ்கி ஏற்றுக்கொண்டார்: பிரெஸ்ட் ஒப்பந்தம் செல்லும், ராடா கலையும், ஜெர்மன் படை இருக்கும்வரை தேர்தல் இல்லை, விவசாயிகள் பெறும் நிலத்துக்கு விலை கொடுக்க வேண்டும். சொந்தமாகப் பெரிய படை கட்டவும் ஜெர்மானியர் விடவில்லை. செப்டம்பரில் ஹெட்மான் ஜெர்மனிக்குப் போய்க் கைசர் வில்லியத்தைச் சந்தித்த பிறகுதான் அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்தது. தளர்ந்த இரண்டு மாதத்தில் ஜெர்மனியே தோற்றுவிட்டது.

ஆனால் பொம்மை என்று ஒதுக்கிவிட்டால் பாதிக் கதை போய்விடும். தனி வெளியுறவு அமைச்சகம் வைத்து, டிமித்ரோ டொரொஷென்கோ என்ற வரலாற்றாசிரியரை அமைச்சராக்கினார்கள். சோவியத் ரஷ்யாவோடு கீவிலேயே மாதக்கணக்கில் சமாதானப் பேச்சு நடத்தி, ஜூன் 12-ல் போர்நிறுத்தம் கையெழுத்திட்டார்கள். எதிர்த் தரப்பில் உட்கார்ந்தவர் கிறிஸ்டியன் ரக்கோவ்ஸ்கி. 1919-ல் சோவியத் உக்ரைன் அரசுக்கே அவர்தான் தலைவராக வந்தார்! ஜெர்மானியர் கேட்காத வேலைகளையும் இந்த அரசு நிறையச் செய்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அமைச்சர்கள்ல பாதிப் பேருக்கு உக்ரைன் மொழியே பேச வராதாமே?

சரளமாகப் பேசாதவர்கள் நிறைய. ஹெட்மானே தன் நினைவுக் குறிப்புகளை ரஷ்ய மொழியில்தான் எழுதினார். உக்ரைன் தேசியக் கட்சிகள் ‘சர்க்கஸ் அரசில்’ சேர மாட்டோம் என்று விலகி நின்றதால், நிர்வாகம் தெரிந்த பழைய ரஷ்யத் தாராளவாதிகளைச் சேர்த்துக்கொண்டார். பிரதமர் ஃபெதிர் லிசோஹூப், பொல்டாவா பகுதி உள்ளாட்சியில் பழுத்தவர்.

அந்தக் கோடைக்காலக் கீவைக் கற்பனை செய்துபாருங்கள். பெட்ரோகிராடிலிருந்தும் மாஸ்கோவிலிருந்தும் போல்ஷெவிக்குகளுக்குப் பயந்து ஓடிவந்த வங்கிக்காரர்கள், அதிகாரிகள், நடிகைகள், பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் அங்கே. ரொட்டி கிடைக்கிறது, ஓட்டல்கள் நிரம்பி வழிகின்றன, எங்கும் ரஷ்யப் பேச்சு. இவர்களில் பலர் உக்ரைன் என்ற நாட்டையே மனதுக்குள் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அது கொடுத்த நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். உக்ரைன் ஆர்வலர்களுக்கு வயிறு எரிந்ததில் வியப்பில்லை.

விவசாயிகளுக்கு இவர்மேல ஏன் அவ்வளவு கோபம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஆட்சி விழுந்ததே இதில்தான்.

பதவியேற்ற அன்றே வெளியிட்ட அறிக்கையில் தனிச்சொத்துரிமை ‘பண்பாட்டுக்கும் நாகரிகத்துக்கும் அடித்தளம்’ என்று அறிவித்து முழுமையாகத் திரும்பக் கொண்டுவந்தார். அதே அறிக்கையில், பெரிய பண்ணைகளை உரிய விலைக்கு வாங்கி நிலமில்லாதவர்களுக்குக் கொடுப்போம் என்ற வாக்குறுதியும் இருந்தது. முதல் பாதி உடனே நடந்தது. இரண்டாம் பாதி குழுக்களிலும் வரைவுகளிலும் கிடந்தது.

கிராமத்தில் என்ன ஆனது? 1917-ல் பண்ணையார் ஓடிப்போனார். நிலத்தையும் மாட்டையும் கலப்பையையும் ஊரார் பங்கு போட்டுக்கொண்டார்கள். இப்போது பண்ணையார் ஜெர்மன் அல்லது ஆஸ்திரியச் சிப்பாய்களோடு திரும்பி வருகிறார். எடுத்ததைக் கொடு, நஷ்டத்துக்கு ஈடு கொடு, அறுவடையிலும் பங்கு கொடு. மறுத்தால் ஊர் முழுவதற்கும் தண்டம், நடுத்தெருவில் கசையடி. சில பண்ணையார்கள் சொந்தமாகவே அடியாள் படை வைத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் மேலே, மூன்றாவது பதிலில் சொன்ன தானியக் கெடு.

ஜூன் மாதம் கீவுக்குத் தெற்கே ஸ்வெனிஹொரொட்கா, தராஷ்சா வட்டாரங்களில் பெருங்கலகம் வெடித்தது. போர்முனையிலிருந்து துப்பாக்கியோடு வீடு திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், மண்ணுக்குள் புதைத்து வைத்ததை எடுத்தார்கள். அடக்க ஜெர்மன் படைகளுக்கு வாரக்கணக்கானது. ஜூலையில் ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஜூலை 30-ல் ஐக்ஹார்னையே கீவ் தெருவில் குண்டு வீசிக் கொன்றார் ரஷ்ய இடது சமூகப் புரட்சிக் கட்சிக்காரர் ஒருவர். தெற்கே ஹூலியாய்போலே ஊரில் எந்த அரசும் வேண்டாம் என்ற அராஜகவாதி நெஸ்டோர் மாக்னோ படை திரட்டத் தொடங்கியதும் இதே ஆண்டில்தான். இத்தனையும் செய்து கடைசியில் ஒப்பந்தத் தானியத்தில் ஒரு சிறு பங்குதான் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்படின்னா உருப்படியா ஒண்ணுமே செய்யலையா?

செய்தார்கள், அதுதான் ஆச்சரியம். உக்ரைன் அறிவியல் அகாதமி 1918 நவம்பர் 14-ல் இந்த ஹெட்மான் கையெழுத்தால் பிறந்தது. முதல் தலைவர் விளாதிமிர் வெர்னாட்ஸ்கி, உயிர்க்கோளம் பற்றிய ஆய்வுக்கு உலகப் புகழ் பெற்றவர். செயலாளர் அஹாதங்கெல் கிரிம்ஸ்கி, கீழைநாட்டு மொழிகளில் பெரும் புலமை கொண்டவர். முதல் உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரில் ஸ்டீபன் திமோஷென்கோவும் ஒருவர். நம் ஊரில் சிவில், மெக்கானிக்கல் படித்தவர்கள் இந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆமாம், அதே திமோஷென்கோதான், உத்தரங்கள் எப்படி வளையும் என்று தேர்வுக்குமுன் நம்மைத் தூங்கவிடாமல் செய்தவர்.

இது தவிரக் கீவில் அரசு உக்ரைன் பல்கலைக்கழகம், காமியானெட்ஸ்-பொடில்ஸ்கி நகரில் இன்னொன்று, ஒரு தேசிய நூலகம், உக்ரைன் மொழியில் நடக்கும் நூற்றைம்பது உயர்நிலைப் பள்ளிகள். ராடா முடிவு செய்து பெர்லினில் அச்சடிக்கக் கொடுத்திருந்த ஹ்ரிவ்னா என்ற உக்ரைன் பண நோட்டுகள் இவர் காலத்தில்தான் கைக்கு வந்தன. அவற்றில் சிலவற்றை வரைந்தவர் ஹியோர்ஹி நார்புட் என்ற அருமையான ஓவியர்.

ராடாக்காரர்கள் தேசியக் கனவு கண்டார்கள், கட்டடமும் சம்பளப் பட்டியலும் போட்டவர்கள் உக்ரைன் மொழி தடுமாறிய இந்த மனிதர்கள். பேச்சில் இதைச் சொன்னபோது ஒருவர் எழுந்துபோய்விட்டார். இருந்தாலும் என் எண்ணம் மாறவில்லை.

கிரிமியா அப்ப யார்கிட்ட இருந்துச்சு?

உக்ரைனிடம் இல்லை, சோவியத் ரஷ்யாவிடமும் இல்லை. ஜெர்மன் படை பிடித்து, ஜெனரல் சுல்கேவிச் என்பவர் தலைமையில் தனி அரசு வைத்திருந்தது. ஹெட்மான் அரசு ஆகஸ்டில் சரக்குப் போக்குவரத்தை நிறுத்தி நெருக்கடி கொடுத்தது. இலையுதிர் காலத்தில் தன்னாட்சியோடு இணைப்பது பற்றிப் பேச்சும் நடந்தது. முடிவதற்குள் எல்லோருடைய ஆட்சியும் முடிந்துவிட்டது.

ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு தேதி போட்டிருக்கே, எதை நம்ப?

பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் இப்போது நாம் பயன்படுத்தும் கிரிகோரியனுக்கும் அன்று 13 நாள் வித்தியாசம். உக்ரைன் 1918 மார்ச் 1-ல் புதியதுக்கு மாறியது. அதனால் ராடா காலத்துத் தேதிகளில்தான் குழப்பம் அதிகம். இங்கே எல்லாம் புதிய கணக்குதான்.

தனி நாடுன்னு சொல்லிட்டு, கடைசியில ரஷ்யாவோட சேரப்போறேன்னு இவரே அறிவிச்சாராமே?

அறிவித்தார், அதுவும் அகாதமிக்குக் கையெழுத்திட்ட அதே நவம்பர் 14-ல். வருங்காலத்தில் போல்ஷெவிக்குகள் இல்லாத ரஷ்யா அமையும்போது அதோடு உக்ரைன் கூட்டாட்சியாக இணையும் என்பது அறிக்கையின் சாரம்.

காரணம் சுயநலக் கணக்கு. நவம்பர் 11-ல் ஜெர்மனி சரணடைந்தது. இனி பிரிட்டனும் பிரான்சும்தான் கதி. அவர்களுக்கோ தங்கள் பழைய கூட்டாளியான, பிளவுபடாத ரஷ்யா வேண்டும். ஜெர்மனி வைத்த தனி உக்ரைன் அவர்கள் கண்ணில் உறுத்தல். அவர்களைக் குளிர்விக்கப் போட்ட அறிக்கை இது. நேச நாட்டுப் படை வரவில்லை. போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்ய வெள்ளைப்படைக்காரர்கள் முழுதாக நம்பவில்லை. உக்ரைனியர்கள் முழுதாகக் கைவிட்டார்கள்.

இந்த அறிவிப்பாலதான் கலகம் வந்துச்சா?

வெடித்தது அதனால் என்று அப்போதே சொல்லிக்கொண்டார்கள். ஆனால் வெடிமருந்து ஏற்கெனவே கிட்டித்து வைத்திருந்தது. ராடா அரசின் முதல் தலைவராக இருந்த வின்னிச்சென்கோவும் மற்றவர்களும் அதற்கு முன்பிருந்தே திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராடா அரசில் படைத்துறையைக் கவனித்து, கோடையில் கைதான சைமன் பெட்லியூராவை ஹெட்மான் அரசே அந்த வாரம் விடுதலை செய்தது. அவர் சிறையிலிருந்து நேராகக் கலகத்துக்குப் போனார். ‘டைரக்டரி’ என்ற ஐவர் குழு அமைந்தது (டெலிபோன் டைரக்டரி இல்லை, பிரெஞ்சுப் புரட்சியில் அந்தப் பெயரில் ஓர் ஆட்சிக்குழு இருந்தது). தலைவர் வின்னிச்சென்கோ, படைக்குப் பெட்லியூரா.

கீவுக்குத் தெற்கே பிலா செர்க்வாவில் இருந்த சிச் துப்பாக்கிப் படை என்ற உக்ரைன் படைப்பிரிவினர் அவர்களோடு சேர்ந்தார்கள். நவம்பர் 18-ல் மொத்தோவிலிவ்கா ரயில் நிலையத்தருகே ஹெட்மானின் படையை முறியடித்தார்கள். அப்புறம் கூட்டம் சேர்ந்தது பாருங்கள், மேலே சொன்ன கசையடி பட்ட கிராமங்களிலிருந்து ஆயிரமாயிரமாக. ஹெட்மான் பக்கம் நின்றவர்கள் பெரும்பாலும் ரஷ்ய அதிகாரிகளின் தொண்டர் குழுக்கள். ஜெர்மானியர்கள் வீட்டுக்குப் போகும் ரயிலைத் தவிர வேறெதிலும் அக்கறை காட்டவில்லை. டிசம்பர் 14-ல் கீவ் விழுந்தது. ஏழரை மாதம் முழுப் பலத்தையும் செலவிட்டேன், இதைச் சமாளிக்கும் சக்தியைக் கடவுள் எனக்குத் தரவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பதவி விலகினார்.

1941-ல லிவீவ்ல ஒரு அரசு அறிவிச்சாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. உக்ரைன் வரலாற்றில் அற்பாயுசு அரசுகள் பல, அதனால் கலந்துபோகிறது. 1939 மார்ச் 15-ல் ஹூஸ்ட் நகரில் அவ்குஸ்தின் வொலோஷின் தலைமையில் கார்ப்பாத்திய உக்ரைன் சுதந்திரம் அறிவித்தது, ஹங்கேரியப் படை சில நாளில் அதை விழுங்கியது. 1941 ஜூன் 30-ல் மேற்கு உக்ரைனின் லிவீவில் அறிவித்தவர் யாரோஸ்லாவ் ஸ்டெட்ஸ்கோ, ஸ்டெபான் பண்டேரா தலைமையிலான தேசியவாத அணியைச் சேர்ந்தவர். அது நாஜிப் படைகள் அப்போதுதான் நுழைந்த நகரம். நாஜிகள் அந்த அரசை ஏற்காமல் ஸ்டெட்ஸ்கோ, பண்டேரா இரண்டு பேரையும் கைது செய்தார்கள்.

1918-ல் இருந்தது கைசரின் ஜெர்மனி, ஹிட்லருடையது அல்ல. அது உக்ரைன் அரசை முறைப்படி அங்கீகரித்துத் தூதரும் வைத்திருந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘எப்பவும் ஜெர்மன் கையாள்தான்’ என்று பேசுவது சோம்பேறித்தனம்.

சரி, அந்த மனுஷன் அப்புறம் என்ன ஆனார்?

காயம்பட்ட ஜெர்மன் அதிகாரி போல வேஷம் போட்டு, ஜெர்மன் படை ரயிலில் தப்பினார் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். பெர்லின் அருகே வான்சேயில் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1926-ல் பெர்லினில் உக்ரைன் ஆய்வு நிறுவனம் ஒன்று அமைய உதவினார். ஹெட்மான் பட்டத்தைக் கடைசிவரை விடவில்லை, அவருக்குப் பின் மகன் டானிலோ என்று ஓர் ஆதரவாளர் இயக்கமும் இருந்தது.

1945 ஏப்ரலில், போர் முடியச் சில வாரங்களே இருக்கும்போது, பவேரியாவின் பிளாட்லிங் ரயில் நிலையத்தில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் அடிபட்டார். ஏப்ரல் 26-ல் மெட்டன் மடாலயத்தில் இறந்தார். 27 வருடத்துக்கு முன் எந்த நேச நாடுகளுக்காகக் கூட்டாட்சி அறிக்கை எழுதினாரோ அவர்களுடைய குண்டு. கல்லறை ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் ஓபர்ஸ்டோர்ஃப் ஊரில் இருக்கிறது. அவர் கையெழுத்திட்ட அகாதமியை டைரக்டரியும் கலைக்கவில்லை, பின்னால் வந்த போல்ஷெவிக்குகளும் கலைக்கவில்லை. பெயர் பலமுறை மாறி இன்றும் கீவில் இயங்குகிறது.